மருந்துக் கடனும் மாவுப்பூச்சியும்

பூச்சிமருந்துக் கடனை உயர்த்துமாறு அங்கத்தினர் சிலர் கோருகின்றனர். அதை நாம் ஆதரிப்பதற்கில்லை. 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, பருத்தி, மல்பெரி ஆகியவற்றையும் பற்றிக்கொண்டது. மெழுகு மூடிய அதன் உடலில் மருந்து சரிவரப் படியவில்லை. மல்பெரியிலோ, மருந்துபட்ட இலையைத் தின்னும் பட்டுப்புழுவே மடியும். பட்டு நெசவாளர்க்கும் அது நஷ்டமன்றோ? 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவியே அப்பூச்சியின் உடலில் முட்டையிட்டுப் பெருகி அதனை அடக்கிற்று. ஓயாது மருந்தடிக்கும் தோட்டத்தில் அக்குளவி எங்ஙனம் பிழைக்கும்? மருந்தே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. வாரந்தோறும் இலையின் அடிப்புறத்தைச் சோதித்து, நன்மை செய்யும் பூச்சிகளையும் எண்ணி, சேதம் மருந்துச் செலவை மிஞ்சுமெனக் கண்ட பின்னரே தெளித்தல் வேண்டும். சங்கத்தின் கமிஷன் குறையுமென்பர், குறையட்டும். வயலைப் பார்வையிட்ட பின்னரே மருந்துக் கடன் வழங்குவதென அடுத்த பொதுக்குழுவில் தீர்மானிக்க வேண்டுகிறோம்.