வாத்து முட்டைக்கு 28 நாள்: பெட்டி வாங்கும் முன் ஒரு கணக்கு

இந்த முறை தபாலில் ஒரே கேள்வி மூன்று சகோதரிகளிடமிருந்து வந்திருக்கிறது. "வீட்டிலேயே வாத்து முட்டையைப் பொரிக்க வைக்கலாமா? எந்த இன்குபேட்டர் நல்லது?" அதில் ஒருத்தி எங்கள் ராயபுரத்துக்காரி. கைக்குழந்தை இருப்பதால் பனியன் கம்பெனிக்குப் போக முடியவில்லையாம். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறதாம். அதில் ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்கலாமா என்று கேட்கிறாள்.

சீட்டுப் பணம் என்றால் சும்மாவா? மாதாமாதம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்தது. அதனால் "இந்தக் கம்பெனிப் பெட்டியை வாங்குங்கள்" என்று ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

கோழி வேறு, வாத்து வேறு

பல்லடம் நமக்குக் கூப்பிடு தூரம். பிராய்லர் கோழிக்குப் பெயர் போன ஊர் பக்கத்திலேயே இருப்பதால், குஞ்சு பொரிப்பது என்றால் மெஷினுக்குள் முட்டையை வைப்பது, 21-ம் நாள் குஞ்சை எடுப்பது, அவ்வளவுதான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாத்து அப்படி இல்லை. சாதாரண வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். மூக்கருகே சிவந்த சதை உள்ள மஸ்கோவி வாத்துக்கு 35 நாள் வரை ஆகும். முட்டையும் பெரிசு, சுமார் 70 கிராம் இருக்கும். கோழி முட்டையைவிட ஈரமும் ஜாஸ்தி கேட்கும். கடையில் விற்கிற சின்னப் பெட்டிகளோ பெரும்பாலும் கோழி முட்டையை நினைத்துச் செய்தவை. சங்கடமெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் முட்டையைப் பாருங்கள்

ஆண் வாத்தோடு சேர்ந்து வளர்ந்த வாத்தின் முட்டைதான் பொரியும். ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் இருக்க வேண்டும். மளிகைக் கடை முட்டையை நம்பி அடை வைக்காதீர்கள். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களிடம் வாங்கினால், "ஆண் வாத்து இருக்குதுங்களா? இது எப்போ இட்ட முட்டைங்க?" என்று இரண்டு கேள்வியும் கேட்டுவிடுங்கள்.

முட்டை இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு நாளுக்குள் வைத்துவிடுவது உத்தமம். ஃபிரிட்ஜில் வைத்த முட்டை வேண்டாம். கூர் முனை கீழே இருக்கும்படி நிழலில் வையுங்கள். சேறு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தண்ணீரில் கழுவினால் ஓட்டின் மேல் இருக்கிற இயற்கையான பூச்சு போய், கிருமி உள்ளே நுழைய வழியாகிவிடும். விரிசல் விட்டது, ஒரேயடியாகப் பெருத்தது, கோணலானது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள்.

பத்து முட்டைக்கு மெஷின் எதற்கு?

எங்கள் வீதியில் ஒரு பெரியம்மாவிடம் இந்தக் கேள்வியைச் சொன்னேன். "பத்து முட்டைக்கு எதுக்குங் கண்ணு கரண்டு? அடைக்கோழி இல்லையா?" என்றார். நூற்றுக்கு நூறு சரி! ஒரு நாட்டுக்கோழி 8 முதல் 10 வாத்து முட்டை வரை அணைக்கும். கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ராத்திரியில் முட்டையை வைத்தால் கோழி கலையாது.

ஆனால் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, கோழியின் கணக்கு 21 நாள். அதற்கு மேல் சில கோழிகள் எழுந்து போய்விடும். அதனால் பொறுமையான, முன்பே அடை காத்துப் பழகிய கோழியாகப் பாருங்கள். இரண்டு, முட்டை கனமானது. கோழி சரியாகப் புரட்டாவிட்டால், அது தீனிக்கு எழும் நேரம் நீங்களே புரட்டிவிடுங்கள். மூன்று, தாய் வாத்து நனைந்த இறகோடு வந்து உட்காரும், கோழி அப்படிச் செய்யாது. ஒரு வாரம் கழித்து தினமும் வெதுவெதுப்பான தண்ணீரை முட்டைமேல் லேசாகத் தெளியுங்கள்.

"வாத்தே அடை காக்காதா?" என்று கேட்பீர்கள். மஸ்கோவி நன்றாகக் காக்கும். ஆனால் முட்டைக்கென்றே வளர்க்கும் காக்கி கேம்பல் ஜாதி அநேகமாக உட்காராது. அந்த ஜாதியை உருவாக்கியதே நம்மைப்போல ஒரு குடும்பத் தலைவிதான் தெரியுமோ? இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் யூலி என்ற கிராமத்து அடீல் கேம்பல் அம்மாள், தன் வீட்டில் இருந்த ஒரு ரன்னர் ஜாதிப் பெட்டையை ரூவன் ஜாதி ஆணோடு சேர்த்து ஆரம்பித்தார். 1898-ல் அந்த வாத்து வெளி உலகத்துக்கு வந்தது. வருஷத்துக்கு 300 முட்டை வரை இடக்கூடியது. விடாமல் முட்டையிடும் குணத்தைத் தேடித் தேடி வளர்த்ததில் அடை காக்கும் குணம் போய்விட்டது. ஒன்று கிடைத்தால் ஒன்று போகும், வேறென்ன!

பெட்டி வாங்கத்தான் போகிறீர்களா?

பத்துக்கு மேல் முட்டை வைக்க வேண்டும், அடைக்கோழியும் இல்லை என்றால் பெட்டி வாங்கலாம். கடைக்காரரிடம் இவற்றைக் கேளுங்கள்:

1. உள்ளே விசிறி இருக்கிறதா? விசிறி இருந்தால் உஷ்ணம் எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி பரவும். அதில் 37.5 டிகிரி செல்சியஸ் வைக்க வேண்டும். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 அளவு இருக்க வேண்டும். புதுசாகத் தொடங்குபவர்களுக்கு விசிறி உள்ளதே நல்லது.

2. எத்தனை வாத்து முட்டை பிடிக்கும்? "50 முட்டைப் பெட்டி" என்பது கோழிக் கணக்கு. வாத்து முட்டை 30, 35 பிடித்தாலே அதிகம். கையோடு இரண்டு வாத்து முட்டை எடுத்துப் போய் தட்டில் வைத்துப் பாருங்கள். உருளைகளுக்கு இடையே சரியாக உட்கார்ந்து உருள வேண்டும்.

3. தானாகப் புரட்டுமா? கையால் புரட்டுவதானால் ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து தடவை, 25 நாள். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொண்டால் குழப்பம் வராது.

4. மூடியைத் திறக்காமலே தண்ணீர் ஊற்ற வழி இருக்கிறதா? ஈரப்பதம் காட்டும் மீட்டர் உண்டா?

5. பாட்டரியில் ஓடுமா? 12 வோல்ட் இணைப்பு இருக்கிறதா?

6. உள்ளே கழுவ முடியுமா? தெர்மோகோல் பெட்டி உஷ்ணத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் அழுக்கு ஏறினால் போகாது. பிளாஸ்டிக்கைக் கழுவித் துடைக்கலாம்.

பெட்டியின் கண்ணாடியில் தெரிகிற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை இதற்கென்றே தனியாக வாங்கி, உள்ளே வைத்துச் சரிபாருங்கள். 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் அதுதான் 37.5 செல்சியஸ். எகிப்திலும் சீனாவிலும் தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தவர்கள், முட்டையைக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தே உஷ்ணம் சொன்னார்கள். அந்தக் கைப்பழக்கம் நமக்கு இல்லை, தெர்மாமீட்டரே கதி.

28 நாள் எப்படிப் போகும்?

முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்கப் பெட்டியைக் காலியாக ஓடவிட்டு, உஷ்ணம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள். நடுவில் சேர்த்தால் கடைசி நாட்களின் கணக்கு கெட்டுவிடும்.

முதல் 25 நாளும் ஈரப்பதம் 55 முதல் 60 வரை இருக்கட்டும். 7-ம் நாள் ராத்திரி விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சில் முட்டையைப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே தெரியாமல் பளிச்சென்றிருந்தால் கூமுட்டை. எடுத்துவிடுங்கள், சமையலுக்கு வேண்டாம். 14-ம் நாள் மறுபடி பாருங்கள். கெட்ட முட்டையை உள்ளேயே விட்டால் வெடித்து மற்றதையும் பாழாக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் ஒரு தடவை பத்து நிமிஷம் மூடியைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் புகை மாதிரி தெளிப்பது பலருடைய பழக்கம். தாய் வாத்து குளித்துவிட்டு வருவதற்கு ஈடாக இது.

சமையலறைத் தராசு இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். 70 கிராம் முட்டை 25-ம் நாள் சுமார் 61 கிராம் இருக்க வேண்டும். எடை குறையாவிட்டால் ஈரம் ஜாஸ்தி, ரொம்பக் குறைந்துவிட்டால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம்.

25-ம் நாளோடு புரட்டுவதை நிறுத்துங்கள். ஈரப்பதத்தை 70-க்கு மேல் ஏற்றுங்கள். அதன் பிறகு மூடியில் கை வைக்கக் கூடாது! ஓட்டில் முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாளும் ஆகும். "பாவம், கஷ்டப்படுகிறதே" என்று ஓட்டை உரிக்கப் போனால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும். மஞ்சள் கரு முழுவதும் வயிற்றுக்குள் இழுபட அதற்கு நேரம் வேண்டும். அந்த மஞ்சள் கருவே முதல் நாள் சாப்பாடு.

நம் ஊர்க் காற்றும் கரண்டும்

சித்திரை, வைகாசியில் முட்டை வைக்காதீர்கள். இன்குபேட்டருக்குச் சூடு பண்ணத்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. ஓட்டு வீட்டிலோ ஷீட் கூரையின் கீழோ அறையே 38, 39 டிகிரி போனால் பெட்டி என்ன செய்யும்? 40-ஐத் தொட்டால் உள்ளே கரு நிற்பது கஷ்டம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும், தண்ணீர்த் தட்டை இருவேளையும் பார்க்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு ஆரம்பிப்பது சௌகரியம்.

பராமரிப்பு ஷட்-டவுன் என்று ஒரு பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவது நமக்குப் பழக்கமான விஷயம். 28 நாளில் அப்படி ஒரு நாள் வரத்தான் வரும். இன்வெர்ட்டரோ பாட்டரியோ இல்லாவிட்டால், மூடியைத் திறக்காமல் கனத்த போர்வையைப் பெட்டியைச் சுற்றிப் போர்த்துங்கள். காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் சமாளிக்கலாம், எட்டு மணி நேரம் முடியாது.

கைக்குழந்தை இருக்கிற வீட்டில்

இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற வாத்துக் குஞ்சின் உடம்பிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இவர்களுக்கு இதனால் கடுமையான வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். பெட்டியைச் சமையலறையிலோ தொட்டில் கட்டிய அறையிலோ வைக்காதீர்கள். முட்டையையோ குஞ்சையோ தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும், பால் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் குஞ்சை முத்தமிட விடாதீர்கள். சாப்பிடுகிற வாத்து முட்டையும் வெள்ளை, மஞ்சள் இரண்டும் கெட்டியாக வேகட்டும், அரைவேக்காடு கூடாது.

கேரளத்தில் ஆலப்புழைப் பகுதி வாத்துகளுக்கு 2014, 2021, 2024-ல் பறவைக் காய்ச்சல் வந்தது. வாத்துகள் திடீரென்று கும்பலாகச் செத்தால் கையால் தொடாமல், சமைக்காமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

பொரிந்த பிறகு எங்கே விடுவீர்கள்?

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 30 முட்டை வைத்து 20 பொரிந்தால் அதிர்ஷ்டம்தான். அதில் பாதி ஆணாக இருக்கும், முட்டை இடாது. பெட்டைகளோ விடிவதற்கு முன்பே கத்தும், லைன் வீட்டில் பக்கத்துச் சுவர்க்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? தண்ணீரைச் சிந்திச் சேறாக்கும். "நொய்யல் இருக்கே" என்று நினைக்காதீர்கள். சாயக் கழிவு பிரச்னைக்காக 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஆறு அது. வாத்து விடுகிற தண்ணீர் அல்ல.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் எதையும் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் விஷம் வாத்துக் குஞ்சைப்போல வேறு எதையும் சீக்கிரம் தாக்காது.

ஆகவே ராயபுரத்துச் சகோதரிக்கு என் பதில் இதுதான். லைன் வீடு, புறக்கடை இல்லை என்றால் சீட்டுப் பணத்தை இதில் போடாதீர்கள். அம்மா வீட்டிலோ மாமியார் ஊரிலோ தோட்டம் இருந்தால், முதலில் அடைக்கோழியில் எட்டு முட்டை வைத்துப் பாருங்கள். அந்தக் குஞ்சுகளை ஆறு மாதம் வளர்த்து, முட்டை விற்று, பிறகு பெட்டியைப் பற்றி யோசிக்கலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் திருப்பூரிலேயே இருக்கிறது. ஒரு நடை போய், சந்தேகங்களைக் கேட்டுவிட்டு வந்தால் செலவு பஸ் காசுதான்.

குஞ்சுகளின் முதல் மாதத்துத் தீனி, வெதுவெதுப்பு, குளியல் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.