கீர்த்தி மண்டபத்தில் யாருக்கு இடம்?

அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகையில் நம் ஓமலூரோடு போட்டி போட முடியாது. ஆனாலும் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், அமெரிக்கர்கள் இரண்டு பேர் சண்டைக்கு நின்று விடுவார்கள். காரணம், அங்கே உள்ள பேஸ்பால் கீர்த்தி மண்டபம். பேஸ்பால் வேறொன்றுமில்லை, நம் கிரிக்கெட்டுக்குத் தாயாதி முறை ஆகவேண்டும். மகா சூரர் என்று தீர்மானமானவருக்கு அந்த மண்டபத்தில் வெண்கலத் தகடு பதிப்பார்கள். அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். பத்திரிகை நிருபர்கள் வோட்டுப் போடுவார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சம்மதித்தால்தான் வாசலைத் தாண்டலாம்.

1936-ல் நடந்த முதல் தேர்தலில் 226 பேர் வோட்டளித்தார்கள். டை காப் என்பவருக்கு 222 கிடைத்தது. பேப் ரூத்துக்கு 215. பந்தை வானத்துக்கு அனுப்புவதில் அவருக்கு நிகர் கிடையாது. அவர் பெயரையே எழுதாமல் விட்ட மகானுபாவர்கள் பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள்! நிருபர் வர்க்கத்தைப் பற்றி நானே அதிகம் சொல்லக் கூடாது.

சேலம், நாமக்கல் சீமை வாசகர்களிடம் இதை ஏன் அளக்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நமக்கும் அப்படி ஒரு மண்டபம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். முதல் தகடு யாருக்கு?

மாரியப்பன் தங்கவேலுவுக்கு என்பதில் வாதத்துக்கே இடமில்லை. சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்தாவது வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றவர். இதையெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் பலர். எனக்கு அது பிடிப்பதில்லை. மண்டபம் என்ன தர்ம சத்திரமா, இரக்கப்பட்டு இடம் கொடுக்க? கணக்கைப் பாருங்கள். பாரா ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில், 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். 2021-ல் டோக்கியோவில் கொட்டும் மழையில் 1.86, வெள்ளி. 2024-ல் பாரிஸில் 1.85, வெண்கலம். எட்டு வருஷம், மூன்று போட்டி, மூன்று பதக்கம். டோக்கியோவில் தேசக் கொடியை ஏந்திச் செல்ல அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விமானத்தில் கொரோனா தொற்றிய ஒருவர் அருகில் இருந்ததால் கொடி வேறு கைக்குப் போயிற்று. கொடி போனாலும் பதக்கம் போகவில்லை. ஆக, முதல் தகடு முடிந்தது.

இரண்டாவது தகட்டில்தான் வம்பு. சின்னப்பம்பட்டி நடராஜன்.

"ஒரே ஒரு டெஸ்ட், இரண்டு ஒரு நாள் போட்டி, நாலு இருபது ஓவர் ஆட்டம். இதற்கா தகடு?" என்று கேட்பவர் இருக்கிறார். நியாயமான கேள்விதான். தோனிக்கு 2025-ல் இடம் கொடுத்ததே ஐ.சி.சி., அந்த மண்டபத்தின் படியில் நடராஜனை நிறுத்துவோம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால், எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கூப்பர்ஸ்டவுனில் நடந்த இன்னொரு கதையைக் கேட்க வேண்டும்.

ஜாஷ் கிப்ஸன் என்று ஒரு நீக்ரோ ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்குப் பெரிய அணிகளில் இடமில்லை. தங்களுக்கென்று தனிப் போட்டி நடத்திக்கொண்டார்கள். கிப்ஸன் 1947 ஜனவரியில், முப்பத்தைந்தாவது வயதில் இறந்தார். ஜாக்கி ராபின்ஸன் நிறத் தடையை உடைத்துப் பெரிய அணியில் இறங்கியது அதே வருஷம் ஏப்ரலில். மூன்றே மாதம்! 1972-ல் கிப்ஸனுக்குத் தகடு வைத்தார்கள். 2024-ல் கறுப்பர் போட்டிகளின் கணக்குகளையும் பெரிய கணக்கில் சேர்த்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? முதல் தேர்தலில் 222 வோட்டு வாங்கினாரே டை காப், அவருடைய .367 சராசரி இரண்டாவது இடத்துக்கு இறங்கியது. கிப்ஸனின் .372 மேலே ஏறியது. ஆடத் தெரியாததால் அல்ல, ஆட விடாததால்தான் அத்தனை வருஷம் அவர் கணக்கில் இல்லை.

நம்மூரிலும் இதன் சாயல் உண்டு. சென்னை வி. வி. குமார் முதல் தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தவர். டெஸ்ட் ஆடியது இரண்டே இரண்டு. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் ரஞ்சிப் போட்டியில் அறுநூறுக்கு மேல் விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. எதிரே பிஷன் பேடி நின்றார். டெஸ்ட் எண்ணிக்கையைப் பார்த்து இவர்களை என்னவென்று எடை போடுவது?

நடராஜனை யாரும் நிறம் பார்த்துத் தடுக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. தடுத்தது தூரம். இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். தகப்பனார் நெசவுக் கூலி. தாயார் சாலையோரம் கோழிக்கறிக் கடை. 2015-ல் ரஞ்சியில் இறங்கியதும், 'பந்து எறிகிற முறை சந்தேகத்துக்குரியது' என்று புகார் வந்தது. அதைத் திருத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். சுலபமான காரியமா அது? கை பழகிய வழியை மறக்கடிப்பது புதிதாகக் கற்பதைவிடச் சிரமம். 2020 ஐ.பி.எல்.-இல் டிவில்லியர்ஸின் காலடியில் யார்க்கர் போட்டு ஸ்டம்பைச் சாய்த்தார்.

அந்த வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பயிற்சிக்குப் பந்து போட அழைத்துப் போனார்கள். டிசம்பர் 2-ந் தேதி ஒரு நாள் போட்டி, 4-ந் தேதி இருபது ஓவர் ஆட்டம், ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு தோற்றே அறியாத மைதானம் அது. முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அதில் சதம் அடித்த லபுஷேன் ஒருவர். இந்தியா ஜெயித்தது.

அதற்குப் பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை, மறுபடி டெஸ்ட் வாய்க்கவில்லை என்பதும் வாஸ்தவம். சொந்த ஊரில் அவர் அமைத்த மைதானத்தை 2023-ல் திறந்தார்கள். புண்ணியமான காரியம். ஆனால் அதைக் காட்டி நான் வோட்டுக் கேட்கவில்லை. அதற்கு வேண்டுமானால் வாசலில் தனிக் கல்வெட்டு வைக்கலாம். பந்து வீசியதற்காகவே தகடு தரலாம் என்பது என் கட்சி. ஐந்து வருஷ விதிக்கு மட்டும் அவரும் கட்டுப்படத்தான் வேண்டும்.

நாமக்கல்காரர்கள் முகத்தைத் தூக்குவது தெரிகிறது. 'இரண்டும் சேலத்துக்கா?' என்பீர்கள். பாரிஸ் பாரா ஒலிம்பிக் பாட்மின்டனில் வெள்ளி வாங்கிய துளசிமதி முருகேசன் இருக்கிறாரே! ஊர் காஞ்சீபுரம். ஆனால் கால்நடை வைத்தியம் படிக்கச் சேர்ந்தது நாமக்கல் கல்லூரியில். பிறந்த ஊருக்குச் சொந்தமா, படித்த ஊருக்கா? கூப்பர்ஸ்டவுனிலும், பல அணிகளில் ஆடியவரை எந்த அணியின் தொப்பியோடு தகட்டில் பொறிப்பது என்று தகராறு வருவதுண்டு. காஞ்சீபுரத்து வாசகர்கள் விட்டுக்கொடுப்பார்களா என்று தெரியவில்லை. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள், வோட்டை எண்ணிவிடுகிறேன்.