துடைப்பத்தின் மேல் பழி போடாதீர்!

தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நமது தாய்மார்களுக்கு உபதேசம் செய்ய ஆள் பஞ்சமில்லை. விடியுமுன் எழுந்து, பெருக்கி, சாணம் கரைத்து மெழுகிவிட்டுத்தான் அவர்கள் நடவுக்கே போகிறார்கள். உபதேசம் செய்யும் கனவான்கள் அந்நேரத்தில் எழுந்தால் அல்லவா தெரியும்!

மண் தரையைப் பெருக்கப் பெருக்க மண்தான் வரும். குழந்தை கழித்த மலம் அதில் ஊறுகிறது. அந்த ஈர மண்ணில் பொரிக்கும் கொக்கிப்புழு வெறுங்காலைத் துளைத்து ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. சாணம் புழுதியை அடக்கும், புழுவை அடக்காது.

சிமெண்டுத் தரை போட்டால் என்ன ஆகும்? மெக்சிகோ நாட்டில் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கே கோவாவிலா மாகாணத்தில் 2000-ம் வருஷம் முதல் சர்க்கார் லாரி ஏழை வீட்டு வாசலுக்கே வந்து, 50 சதுர மீட்டர் வரை தரை போடக் கலவை கொட்டியது. பரப்பி மட்டம் செய்ய வீட்டாரும் கை கொடுத்தார்கள். பின்னால் ஆய்வு செய்தபோது குழந்தைகளிடம் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் குறைந்திருந்தன. துடைப்பம் அதேதான், தரைதான் மாறியது.

ஆலைத் தொழிலாளியின் லைன் வீட்டில் சிமெண்டு உண்டு. வெடித்துக் குழி விழுந்து கிடக்கிறது. ஒன்றாந்தேதி வாடகைக்கு வந்து நிற்கும் வீட்டுக்காரர் ஒரு சட்டிக் கலவை பூசுவதில்லை.

குடிசை நின்ற மனையை 1971-ம் வருஷச் சட்டம் விவசாயத் தொழிலாளிக்கு உரிமையாக்கியது. இனி கூரைக்கு மனு எழுதும்போது தரையையும் சேர்த்து எழுதுங்கள், தோழர்களே.