அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பேசினார். டிசம்பர் விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கம்போடியா போகிறாராம். அங்கே ஓர் அநாதை இல்லத்தில் பத்து நாள் சேவை, கிறிஸ்துமஸும் அந்தக் குழந்தைகளோடுதான். "நல்ல காரியம்தானே சார்?" என்றார். "போகாதே தம்பி" என்றேன். அவருக்கு வருத்தம். போனில் காரணத்தைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும் அப்படிப் போனவன்தான். 2023 ஏப்ரலில் மெல்பர்னிலிருந்து மகள், மாப்பிள்ளை, பேத்தி வந்தார்கள். நானும் மனைவியும் சென்னையிலிருந்து போனோம். சியம் ரீப் நகரில் ஓர் இல்லம். பணம் கட்டினோம், பாஸ்போர்ட் நகல் அனுப்பினோம், அவ்வளவுதான். மெல்பர்னில் பிள்ளைகளோடு தன்னார்வ வேலை செய்ய என் மகள் அரசு அனுமதி அட்டை வாங்க வேண்டியிருந்தது. இங்கே எங்களை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உள்ளே போன ஐந்தாவது நிமிடம் ஒரு சிறுவன் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். ஆறு வயது இருக்கும். அன்று முழுக்க விடவில்லை. "எவ்வளவு பாசம் பாருங்க" என்று அவள் கண்கலங்கினாள். எனக்கு மட்டும் உறுத்தியது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பிள்ளை புது ஆளைக் கண்டால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். அதுதான் இயல்பு. யார் வந்தாலும் உடனே ஒட்டிக்கொள்ளும் பிள்ளை, பலர் வந்து வந்து விட்டுப்போன பிள்ளை.

ஏப்ரல் 14 நமக்குப் புத்தாண்டு. கெமர் மக்களுக்கும் அதே நாளில்தான் புத்தாண்டு தொடங்கியது. முதல் நாளை அவர்கள் மகா சங்கராந்தி என்றே சொல்கிறார்கள். வீட்டு வாசலில் பழம், பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி வைத்து, ஏழு தேவதைகளில் அந்த ஆண்டுக்குரியவளை வரவேற்கிறார்கள். நாம் கனி காண்பதுபோல இருந்தது. ஊரை விட்டு வேலைக்கு வந்தவர்களெல்லாம் மூட்டை முடிச்சோடு சொந்தக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இல்லத்தில் சேமியா பாயசம் காய்ச்சினோம். மனைவி ஊரிலிருந்து கொண்டுபோன வேப்பம்பூவில் பச்சடி வைத்தாள். பத்து மணிக்குப் பிள்ளைகளின் நடனம்.

அப்போது வாசலில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கையில் மூங்கில் குழாயில் வேகவைத்த சோறு. பண்டிகைக்கு அங்கே செய்கிற பலகாரம் அது. யார் என்று சமையற்காரம்மாவிடம் கேட்டேன். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். "அந்தப் பையனின் அம்மா" என்றார். என் மனைவியின் கையைப் பிடித்திருந்த அதே பையன். பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறாள். "விருந்தினர் வந்திருக்கிறார்கள், நடனம் முடிந்துதான் அனுப்புவோம்" என்று உட்காரவைத்துவிட்டார்களாம்.

அந்த விருந்தினர் நாங்கள்தான்.

நான் சில ஆண்டுகள் மாணவர் விடுதிக் காப்பாளராகவும் இருந்தவன். தீபாவளிக்கு முந்தின நாள் ட்ரங்குப் பெட்டியோடு வாசலிலேயே நிற்பார்கள் பையன்கள். அப்பா வருவது தெருமுனையில் தெரிந்ததும் அந்த முகங்கள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். எந்த லட்டும் எந்தப் பட்டாசும் அதற்கு ஈடாகாது. அதைத் தெரிந்து வைத்திருந்த நானே ஒரு பிள்ளையின் பண்டிகையைத் தாமதப்படுத்திக்கொண்டு, பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இத்தகைய இல்லங்கள் 75 சதவீதம் கூடியிருக்கின்றன. அங்கிருந்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அந்நாட்டு அரசும் யுனிசெஃப்பும் 2011இல் வெளியிட்ட விவரம் இது. படிப்பும் சோறும் கிடைக்கும் என்று நம்பி ஏழைப் பெற்றோர் அனுப்புகிறார்கள். வெளிநாட்டவர் வர வர, காட்ட இன்னும் பிள்ளைகள் தேவைப்படுகிறார்கள். 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இதை நவீன அடிமைமுறையோடு சேர்த்து ஆராய்ந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் கட்டுப்பாடற்ற தன்னார்வச் சுற்றுலாவால் இல்லக் குழந்தைகளுக்கு நேரும் கேட்டைத் தடுக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

எல்லா இல்லங்களும் மோசம் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே யாருமில்லாத குழந்தைகள் உண்டு. ஆனால் அவர்களுக்குத் தேவை, அவர்கள் மொழி பேசி, பத்து வருடம் கூடவே இருக்கும் ஆள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகும் நாம் அல்ல.

"என் பிள்ளைகளுக்கும் கஷ்டம்னா என்னன்னு தெரியணும் சார்" என்றார் மாணவர். நியாயமான ஆசைதான். ஆனால் தம்பி, இன்னொரு வீட்டுப் பிள்ளை உன் பிள்ளைக்குப் பாடத் துணைக்கருவி அல்ல. நம் ஊரிலும் பிறந்தநாள் என்றால் இல்லத்துக்குப் போய்க் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறோம். அதையும் யோசிக்க வேண்டும்.

கம்போடியாவுக்குப் போ. அங்கோர் வாட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டு. உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்கு. சியம் ரீப்பில் ஏழாம் ஜெயவர்மன் பெயரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. சிகிச்சை இலவசம். அதை நிறுவிய சுவிஸ் மருத்துவர் பீட் ரிக்னர் சனிக்கிழமை மாலைகளில் செல்லோ வாசித்து, இளைஞர்களிடம் ரத்தமும் வயதானவர்களிடம் பணமும் கேட்பார். 2018இல் மறைந்தார். முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போய் நீயும் உன் மனைவியும் ரத்தம் கொடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இல்லத்துக்குக் கட்ட இருந்த பணத்தை, பிள்ளைகளைப் பெற்றோரிடமே வைத்து வளர்க்க உதவும் அமைப்பாகப் பார்த்துக் கொடு.

அன்று நடனம் முடிந்ததும் அந்தப் பையன் என் மனைவியின் கையை உதறிவிட்டு வாசலுக்கு ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பயணத்தில் நான் பார்த்த நல்ல காட்சி அது ஒன்றுதான்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் சொல்லலாம்.