ஸ்கூல்ல சமத்து... வீட்ல மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் டீச்சர் சொல்வது ஒன்று. "உங்க பொண்ணா? ரொம்ப அமைதி மேடம். கவனம்தான் கொஞ்சம் பத்தல." வீட்டில் நடப்பது வேறு. சாயந்திரம் வந்ததும் பையைத் தூக்கி எறிகிறாள். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். "என்னடி ஆச்சு?" என்றால் கத்தல், இல்லையென்றால் அழுகை. "வெளிய சமத்து, நம்மகிட்ட மட்டும்தான் இந்தத் திமிரு" என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

எல்லா டீன் ஏஜ் கோபத்துக்கும் ஒரே காரணம் கிடையாது. ஆனால், ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி, டிஸ்லெக்சியா போன்ற நரம்பியல் வேறுபாடு உள்ள பிள்ளைகள் பலரிடம் இந்த 'இரட்டை முகம்' உண்டு. அது திமிர் அல்ல. பகலெல்லாம் அடக்கிவைத்த களைப்பு, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் வெளியே கொட்டுகிறது.

பகலெல்லாம் என்ன நடக்கிறது?

ஆட்டிசம் உள்ள ஒரு மாணவருக்கு ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுபடும் சத்தம், லன்ச் பாக்ஸ் வாசனை எல்லாமே ஒரே நேரத்தில் பாடத்துடன் போட்டி போடும். அதற்கு நடுவே மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும், டீச்சரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், காலை ஆட்டாமல் உட்கார வேண்டும். இப்படித் தன் இயல்பை மறைத்துக்கொள்வதை 'மாஸ்கிங்' என்கிறார்கள்.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையின் பாடு இன்னொரு மாதிரி. ஒவ்வொருவராக எழுந்து பாடம் வாசிக்கும் வகுப்பில், தனக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணி, அதை மட்டும் மனதுக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற பத்திகளில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. 'கவனம் பத்தல' என்று பெயர் வாங்குவது அங்கேதான்.

ஏ.டி.ஹெச்.டி-யில் ஓடியாடும் பிள்ளைகள் மட்டும் இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு கனவில் இருப்பவர்களும் உண்டு. பெண் பிள்ளைகளில் இந்த வகை கண்ணில் படாமலே போய்விடுவது சகஜம். இவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை, தொடங்குவதுதான் மலை. ரெக்கார்டு நோட் முடிக்க வேண்டும் என்று மூன்று நாளாகத் தெரியும். ஆனாலும் கை போகாது.

எட்டாவது வரை புத்திசாலித்தனத்தாலேயே சமாளித்தவர்கள், ஒன்பதாவது, பத்தாவதில் தடுமாறுவது இதனால்தான். பாடம் கூடுகிறது, ஸ்பெஷல் கிளாஸ் சேர்கிறது, தூக்கம் குறைகிறது.

களைப்பு மனநலப் பிரச்னையாக மாறும்போது...

'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவன்' என்று வருடக்கணக்கில் கேட்டு வளரும் பிள்ளை, ஒரு கட்டத்தில் அதை நம்பிவிடுகிறது. பதற்றமும் மனச்சோர்வும் இந்தப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். திங்கள்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்று வலி, தலைவலி, வாந்தி பல நேரம் நாடகம் இல்லை. பதற்றம் உடம்பில் உண்மையான வலியாகவே வரும்.

தூக்கம், சாப்பாடு இரண்டும் மாறுவது, பிடித்த விஷயத்தைக்கூட விட்டுவிடுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு... இவற்றில் எது தெரிந்தாலும் 'பரீட்சை முடியட்டும்' என்று தள்ளிப்போடக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளும் நேரடியாக அழைக்கலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* ஸ்கூல் விட்டு வந்ததும் முதல் அரை மணி நேரம் கேள்வி வேண்டாம். தின்பண்டம், தண்ணீர், அமைதி போதும். டியூஷனுக்கு உடனே விரட்ட வேண்டாம்.

* "ஏன் எழுதல?" என்பதற்குப் பதில், "எங்க நிக்குது? முதல் வரி சேர்ந்து எழுதலாமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

* அக்கா, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று யாரோடும் ஒப்பிட வேண்டாம்.

பள்ளியில் எதைக் கேட்கலாம்?

பெரிய வசதி எதுவும் தேவையில்லை. முன் வரிசையில் ஓரமான இடம், போர்டில் உள்ளதை போட்டோ எடுக்க அனுமதி, எல்லோர் முன்னும் வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, தாங்க முடியாதபோது ஐந்து நிமிடம் வெளியே போய் வர முன்கூட்டியே பேசிவைத்த ஒரு சைகை. டீச்சருக்குச் செலவில்லாத இந்த நான்கும் ஒரு பிள்ளையை வகுப்பில் தக்கவைத்துவிடும்.

சலுகை அல்ல, உரிமை!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது. சி.பி.எஸ்.இ-யில் 3 மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். தமிழக அரசுப் பொதுத்தேர்விலும் தகுதியுள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு.

ஏ.டி.ஹெச்.டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. ஆனால், அதோடு கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பது பலருக்கு உண்டு. எனவே பரிசோதனைக்குப் போகும்போது இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் ஆகியவற்றில் விசாரிக்கலாம்.

பரிசோதனை, சான்றிதழ், தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் என எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். ஹால் டிக்கெட் வந்தபிறகு ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். "சர்டிஃபிகேட் வாங்கினா பேரு கெட்டுடும்" என்று தயங்கும் பெற்றோர் ஒன்றை யோசிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 'சோம்பேறி' என்ற பெயரை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. அதைவிட உண்மையான ஒரு பெயர் கிடைப்பதில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

இதைப் படிக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: எல்லாவற்றையும் எல்லோரிடமும் விளக்க வேண்டியதில்லை. அம்மா, மாமா, பிடித்த டீச்சர்... நம்பிக்கையான ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பேச வரவில்லையா? வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போதும்: "எனக்கு ஸ்கூல் ரொம்பக் கஷ்டமா இருக்கு. திட்டாம கேப்பீங்களா?"

அந்த மெசேஜ் வரும் போன் உங்களுடையதாக இருந்தால், பதில் ஒரே வார்த்தைதான்: "கேக்கறேன்."