சாம்பல் இருக்கச் சுண்ணாம்புக்கல் ஏன்?

தொழிற்சாலைகள் வெளியேற்றும் கரியமில வாயுவுக்கு வரம்பு கட்டும் பொருட்டு 2025 அக்டோபரில் மத்திய சர்க்கார் பிறப்பித்த விதிகளுக்குள் அடங்கும் 282 தொழிற்கூடங்களில் 186 சிமெண்டு ஆலைகளே என்பதைக் கண்டு, ஆட்சியாளர்கள் நோயின் மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தவர்கள், அவ்விதிகளைக் கடைசிவரை வாசித்திருப்பார்களேயானால் அந்த மகிழ்ச்சியை இழந்திருப்பார்கள். ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு வாயு என்று கணக்குக் கேட்கும் அவ்விதிகள், அந்தச் சரக்கு சிமெண்டாகத்தான் இருக்க வேண்டுமா என்ற ஆதாரமான கேள்வியை ஓரிடத்திலும் எழுப்பவில்லை. ஆலைகள் தம் அடுப்பைச் சற்றுத் திருத்திக்கொள்ளும். வாயுவோ வந்துகொண்டே இருக்கும்.

ஏன் வந்துகொண்டே இருக்கும் என்பதை விளக்கப் பள்ளிக்கூட ரசாயனமே போதும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பும் 44 கிலோ கரியமில வாயுவும் கிடைக்கும். இந்த 44 என்னும் எண்ணை நம் பொறியாளர்கள் ஒவ்வொருவரும் தம் மேஜையின்மேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். நிலக்கரியை நீக்கிவிட்டுச் சூரிய சக்தியைக்கொண்டே உலையை 1,450 டிகிரிக்கு ஏற்றினாலும், உலகத்து நிபுணர்கள் அனைவரும் கூடி அந்த உலையை நிர்மாணித்தாலும், அந்த 44 ஒருபோதும் 43 ஆகாது. ஏனெனில் அது எரிபொருளின் குற்றமன்று, கல்லின் சுபாவம். சிமெண்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியாகிய கிளிங்கரை ஒரு டன் செய்கையில், எரிபொருளின் புகையைச் சேர்க்காமலே, கல்லிலிருந்து மாத்திரம் அரை டன்னுக்குச் சற்று மேற்பட்ட வாயு வெளிப்படுகிறது. கல்லைச் சுடாத ஒரு பிணைப்பான் கிடைத்தாலன்றி இதற்குப் பரிகாரம் இல்லை.

அத்தகைய பிணைப்பான் கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கீவ் நகரத்தில் குளுகோவ்ஸ்கி 1950களில் தொடங்கிய ஆராய்ச்சியும், பிரான்சு தேசத்து ஜோசப் டேவிடோவிட்ஸ் 1970களில் ‘ஜியோபாலிமர்’ என்று நாமகரணம் செய்து வளர்த்த ஆராய்ச்சியும் நிரூபித்த உண்மை இதுதான்: நிலக்கரிச் சாம்பலிலும் இரும்பாலைக் கசடிலும் உள்ள சிலிக்காவையும் அலுமினாவையும் காஸ்டிக் சோடா, சோடியம் சிலிகேட் போன்ற காரக் கரைசலால் தூண்டிவிட்டால், அவை தமக்குள் வலைபோல் பின்னிக்கொண்டு கல்லாக இறுகுகின்றன.

அவ்வாறு இறுகிய பொருளின் பலம் எத்தகையது? பெர்த் நகரத்துக் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் சாம்பலை மாத்திரம் கொண்டு செய்த காங்கிரீட், 60 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் பதப்படுத்தப்பட்ட மாத்திரத்தில், சாதாரணக் காங்கிரீட் 28 நாள் காத்திருந்து அடையும் அமுக்க வலிமைக்கு நிகரான வலிமையைப் பெற்றுவிடுகிறது. ஓராண்டு உலர்ந்த பின்னும் அதன் சுருக்கம் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவிலேயே நிற்க, சிமெண்டுக் காங்கிரீட்டோ அதைப்போல் ஐந்து மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் சுருங்குகிறது; கட்டடத்தில் விரிசல் விழுவதன் காரணங்களுள் இச்சுருக்கம் முக்கியமானது என்பதை மேஸ்திரிகளும் அறிவார்கள். பாரம் தாங்கி நிற்கையில் நாளடைவில் ஏற்படும் ஊர்வும் குறைவு. அமிலத்தையும் தீயையும் தாங்கும் சக்தி மிகுதி. விறைப்பைக் காட்டும் மீள்மைக் குணகம் சிறிது குறைவு என்பது மெய்யே. உத்தரத்தின் ஆழத்தைச் சிறிது கூட்டினால் அக்குறை தீர்ந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் எதுவும் நடக்கும் என்று சொல்பவர்களை நான் ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகருக்கு அருகிலுள்ள வெல்கேம்ப் விமான நிலையத்துக்கு அழைக்கிறேன். 2014இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தில், கனரக விமானங்கள் திரும்பும் இடமும் அவை நிற்கும் தளமுமாக ஏறத்தாழ 40,000 கன மீட்டர் ஜியோபாலிமர் காங்கிரீட் 435 மில்லிமீட்டர் கனத்தில் வார்க்கப்பட்டிருக்கிறது. 28 நாளில் 4.8 மெகாபாஸ்கல் வளைவு வலிமை வேண்டும் என்பது நிபந்தனை. கிடைத்ததோ சராசரியாக 5.8. விமானத் தளத்துக்கு உயிர்நாடி அமுக்க வலிமையன்று, சக்கரத்தின் பாரத்தில் பலகை வளைகையில் அடிப்புறத்தில் எழும் இழுவிசையைத் தாங்கும் இந்த வளைவு வலிமையே என்பதனால், இவ்வெற்றி சாமானியமானதன்று. பாரமேற்றிப் புறப்படுகையில் 400 டன்னுக்கு மேற்பட்ட எடையுடைய 747 சரக்கு விமானங்களை அத்தளம் தாங்கி வருகிறது. விமானத்தைத் தாங்கும் பொருள் நம் ஊர் மழைநீர் வடிகாலைத் தாங்காதா?

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. காஸ்டிக் சோடா கையைப் புண்ணாக்கும் என்கிறார்கள். ஈரச் சிமெண்டு ஆண்டாண்டுகளாகக் கொத்தனார் கைகளைத் தின்றுவருவதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. காஸ்டிக் சோடா செய்யவும் மின்சாரம் வேண்டும், அதிலும் வாயு உண்டு என்கிறார்கள். அந்த ஆலைகளும் இதே அக்டோபர் விதிகளுக்குள் அடங்கியவைதாமே! நீண்டகால அனுபவம் இல்லை என்கிறார்கள்; உக்ரைனில் கசட்டைக் காரத்தால் தூண்டி எழுப்பிய பழைய கட்டுமானங்கள் முப்பதாண்டுகளுக்குப் பின் பரிசோதிக்கப்பட்டு உறுதியாகவே காணப்பட்டன. சாம்பலின் தரம் உலைக்கு உலை மாறும் என்பது ஒன்றே விஷயமுள்ள ஆட்சேபம்; அதற்கு மருந்து பரிசோதனை, பயம் அன்று.

பயத்துக்கு நாம் கொடுக்கும் விலையை எண்ணூரில் காணலாம். இந்நாட்டு அனல் மின் நிலையங்கள் ஆண்டொன்றுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் சாம்பலைக் கக்குகின்றன. பெரும்பகுதி ஏதோ ஒரு வகையில் செலவாகிறது என்று ஏடுகள் கூறினும், அங்கே அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பல், மீனையும் இறாலையும் நம்பி வாழ்ந்த மக்களின் ஜீவனத்தைக் கெடுத்ததை எந்த ஏடு ஈடுசெய்யும்? அரியலூரில் பூமியைத் தோண்டிக் கல்லெடுத்துச் சுடுகிறோம். எண்ணூரில், சுடவேண்டிய அவசியமே இல்லாத மூலப்பொருளை ஆற்றில் விடுகிறோம். இதனை அறியாமை என்று மன்னிக்க நான் தயாராக இல்லை. இதே சென்னையில், தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் ஜியோபாலிமர் காங்கிரீட்டைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கிறது. ஆராய்ந்தவர்களின் சொல் டெண்டர் எழுதுகிறவர்களின் செவியில் ஏறவில்லை.

ஏறாததற்குச் சட்டமும் ஒரு காரணம். நம் கட்டுமானப் பிரமாணமாகிய ஐ.எஸ். 456, சூழ்நிலைக்கேற்பக் கன மீட்டருக்கு இத்தனை கிலோ சிமெண்டுக்குக் குறையக்கூடாது என்று விதிக்கிறது. மிதமான சூழ்நிலையில் இரும்புக்கம்பியிட்ட காங்கிரீட்டுக்கு அது 300 கிலோ. காங்கிரீட்டின் ஆயுளை அதிலுள்ள சிமெண்டின் எடையால் நிர்ணயிக்கும் ஒரு நூல், சிமெண்டே இல்லாத காங்கிரீட்டை எப்படி வரவேற்கும்? 2020இல் வெளிவந்த ஐ.எஸ். 17452 காரத்தால் தூண்டிய காங்கிரீட்டுக்கு வாசல் திறந்தது உண்மையே. ஆனால் பட்டறையில் வார்த்தெடுக்கும் பொருள்களுக்கு மாத்திரம். ஆஸ்திரேலியர்களோ 2023இல் கட்டமைப்புகளை வடிவமைப்பதற்கே தனி நூல் வெளியிட்டுவிட்டார்கள்.

ஆகவே, வரும் நிதியாண்டு முதல் நம் பொதுப்பணித்துறையும் மாநகராட்சியும் வாங்கும் வடிகால் பெட்டிகள், பேவர் பிளாக்குகள், நடைபாதைக் கற்கள் யாவும் ஜியோபாலிமரால் ஆனவையாகவே இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதப்படவேண்டும், விலைப்பட்டியலில் அதற்குத் தனி விகிதம் நிர்ணயிக்கப்படவேண்டும், ஐ.எஸ். 456 கேட்கும் கிலோக் கணக்கு நீங்கி, வலிமைக்கும் ஆயுளுக்குமான பரீட்சைகள் அவ்விடத்தில் அமரவேண்டும். ஐந்தாண்டுகளில் பாலத் தூண்களும் இப்பொருளிலேயே எழவேண்டும். அதுவரை அரியலூரில் புதிய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றுக்கும் சர்க்கார் அனுமதி அளிக்கலாகாது.