துரையின் கடிதம் நீதிமன்றக் கட்டளையல்ல

"பேர் வெட்டியாச்சு, காம்பராவை விடு." ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டங்களில் ஓய்வு பெற்றவரும், கணவனை இழந்தவரும், கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரும் கேட்டுப் பழகிய சொல் இது. சிலருக்குக் கடிதமாக வருகிறது. சிலருக்குக் கணக்கப்பிள்ளை மூலம் வாய்ச்சொல்லாக வருகிறது. பயந்துபோய்ச் சாமான் கட்டுகிறவர்களும் உண்டு.

தொழிலாளத் தோழர்களே, கட்டாதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இருக்கிறது. லயத்தில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்காகவே வந்தது. வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி நிர்வாகம் தானாக யாரையும் வெளியே தள்ள முடியாது. நீதிமன்றம் போய்க் கட்டளை பெற வேண்டும். அரச காணி என்றாலும் அப்படித்தான். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி எழுத்தில் அறிவித்தல், குறைந்தது 30 நாள் அவகாசம், பிறகு நீதவான் நீதிமன்றம்.

சட்டம் இருந்தும் என்ன நடக்கிறது? 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடியிருப்பைத் தோட்ட அதிகாரி உடைத்ததை நாடே காணொளியில் பார்த்தது. யாரோ படம் பிடித்ததால்தான் அது வெளியே வந்தது. படம் பிடிக்கப்படாத லயங்களில் நடப்பதை யார் பார்க்கிறார்கள்?

பலாத்காரமாக வெளியேற்றப்பட்டாலும் வழி உண்டு. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம், 68ஆம் பிரிவுகளின்படி, வெளியேற்றப்பட்டு 2 மாதத்துக்குள் வழக்கு வந்தால், மீண்டும் குடியமர்த்த நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த 2 மாதத்தை "துரையிடம் பேசிப் பார்ப்போம்" என்று கழித்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியை வாங்கி வையுங்கள். வக்கீலுக்குப் பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. அரச காணி வழக்கில், குடியிருக்க எழுத்திலான அனுமதி இருக்கிறதா என்பதைத்தான் நீதவான் முதலில் கேட்பார். நம்மிடம் இருப்பதோ நாலு தலைமுறை வியர்வை; காகிதம் குறைவு. ஆகவே சம்பளச் சீட்டு, வாக்காளர் இடாப்புப் பதிவு, கிராம சேவகர் சான்றிதழ், மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். வாசித்து விளங்காத எந்தக் கடிதத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. நிர்வாகத்தின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வேலையல்ல. அந்தக் கடிதம் வந்த வீட்டுக்கு முதலில் போய் நிற்பதுதான் நம் வேலை. அங்கே நாம் போகத் தவறிய நாட்களும் உண்டு. அது நம் குறை.

1977இல் கலவரத்துக்குப் பயந்து சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்குப் போன குடும்பங்களை மூத்தவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கட்டிய துணியோடு போனார்கள். இன்னொரு முறை, வெறும் ஒரு கடிதத்துக்குப் பயந்து நாம் போகக் கூடாது. பேசப்படும் காணி உறுதியோடு நம் கைக்கு வரும்வரை, இந்தக் காம்பராதான் நம் வீடு.